பொம்பிளை பார்க்க ஒரு சீனவெடி

எங்கட பக்கத்தில் பொம்பிளை பார்க்கப் போகிறவர்கள் முந்தியெல்லாம் சாதகம் கொண்டுபோவார்கள். இப்போது சீனவெடி கொண்டுபோகிறார்கள். முற்றத்தில் ஒன்றைக் கொளுத்திப் போட்டால் குடும்பப் பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு "ஐயோ அம்மா" என்று கத்தும். இயக்கத்தில் இருந்து சண்டை பிடித்த பிள்ளை குப்புற விழும். இந்த விஞ்ஞானத்தைக் கண்டுபிடித்தவர் வற்றாப்பளைச் செல்வநாயகம்.

விசுவமடு ஜெயரூபிக்கு இது தெரியும். தாய் கமலாட்சி குசினிக்குப் பின்னால் வெடி கொளுத்தி அவளைப் பழக்கியிருந்தாள். "இன்னும் பயந்து கத்தடி. நாய் உன்னைவிட நல்லாக் கத்துது." கடைசிச் சண்டையில் இயக்கம் வீட்டுக்கு ஓராள் கேட்டபோது, தம்பி ஆம்பிளைப் பிள்ளை என்று மகளைக் கொடுத்ததும் இதே கமலாட்சிதான். தம்பி இப்போது பிரான்சில் இருந்துகொண்டு முகநூலில் போராடுகிறான். இன்றைக்கு வந்த இந்தச் சம்பந்தமும் குழம்பினால் ஜெயரூபிக்கு வேறு ஒருத்தனும் படியேறி வரமாட்டான்.

மாப்பிள்ளை பிரதாபன் செல்வநாயகத்தின் தங்கச்சி மகன். அவனும் இயக்கம்தான். ஆனால் அது அவனுக்குத் தகுதி. மருமகன் தனியாளாக ஒரு டாங்கியைத் துரத்திய கதையைச் செல்வநாயகம் கதிரையில் சாய்ந்தபடி சொன்னார். ஓடிக் களைத்த டாங்கி ஒரு பாலைமரத்தடியில் நின்று மூச்சு வாங்கியதாம்.

ஜெயரூபி தேத்தண்ணித் தட்டோடு வந்தாள். முற்றத்தில் வெடி வெடித்தது.

"ஐயோ அம்மா!"

அருமையான கத்தல். தேத்தண்ணி ஒரு சொட்டும் சிந்தவில்லை. அதை ஒருத்தரும் கவனிக்கவில்லை. செல்வநாயகம் திருப்தியாகத் தலையாட்டினார்.

அவர்களை ஏற்றிவந்து வெடியும் கொளுத்திய வான்காரன் மிச்ச வெடிச்சரத்தைக் காலடியிலேயே வைத்திருந்தான். பொறி பறந்து முழுச்சரமும் பிடித்துக்கொண்டது.

ஜெயரூபி சீமெந்தில் குப்புறக் கிடந்தாள். பக்கத்தில் பிரதாபன். அவனுடைய பின்பக்கம் மட்டும் மேலே தெரிந்தது.

"குண்டியைப் பதியடா! நான் சொல்லுமட்டும் எழும்பாதை!"

வெடிச்சத்தத்தில் ஜெயரூபியின் கட்டளை அவனுக்கு மட்டுந்தான் கேட்டது. சீமெந்தோடு சீமெந்தாகப் படிந்தான்.

சரம் ஓய்ந்ததும் கமலாட்சி முந்திக்கொண்டாள். "பிள்ளை காலமை சாப்பிடேல்லை, மயங்கிப்போச்சு."

செல்வநாயகம் அரைவாசி நம்பிவிட்டார். ஆனால் பிரதாபன் எழும்பவில்லை. எல்லாரும் சேர்ந்து இழுத்தும் அசையவில்லை. அலவாங்குக் கம்பி போட்டுக் கிளப்பலாமோ என்று வான்காரன் கேட்டான். பிரதாபனின் பல் கிடுகிடுத்தது, வேட்டி நனைந்துகொண்டு வந்தது. கண் ஜெயரூபியையே பார்த்தபடி இருந்தது.

அவள் வாய் திறந்தால் மயங்கின கதையும் போச்சு, சம்பந்தமும் போச்சு. வேண்டாமென்று கமலாட்சி கண்ணைக் காட்டினாள்.

"முடிஞ்சுது. எழும்பு," என்றாள் ஜெயரூபி.

அவன் துள்ளி எழுந்து விறைப்பாக நின்றான்.

செல்வநாயகம் அவன் தோளில் தட்டினார். "பாத்தீங்களோ? உடம்பு இன்னும் களத்திலதான் நிக்குது. ஆம்பிளை எண்டால் இவன்!" பிறகு ஜெயரூபியின் பக்கம் திரும்பினார். "பொம்பிளைப் பிள்ளை இப்பிடியோ விழுறது? ஆம்பிளைக்குக் கட்டளையும் போடுது."

பிரதாபன் வேட்டியை உதறிக் கட்டினான். அவளைப் பார்க்கவில்லை. "அடக்கமான பிள்ளையாப் பாருங்கோ மாமா."

வான் போனபிறகு கமலாட்சி முற்றத்துக் கடதாசியைக் கூட்டத் தொடங்கினாள்.

"வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருந்தால், கிடந்த கிடையிலயே தாலி கட்டியிருப்பானேடி, மூதேசி."