எல்லோருக்கும் ஒரே மின்விசிறி

...இல்லை, அது கடிகாரம் இல்லை, கடிகாரம் இவ்வளவு அவசரப்படாது, இது சுற்றுகிற ஏதோ ஒன்று, சுற்றுக்கு ஒருமுறை ஒரே இடத்தில் உரசி ‘டிக்’ என்று முனகுகிற மின்விசிறி, என்று நினைத்தபடி அவள் கேப்டனின் குரல்பதிவை மறுபடியும் முதலிலிருந்து ஓடவிட்டாள். இன்று கருவி மாட்டிவிட்ட பஸ் கண்டக்டர் திரும்பி வர இன்னும் நேரம் இருந்தது, புதிதாகக் காதுக்கருவி மாட்டிக்கொண்ட எவரையும் அவள் அப்படித்தான் அனுப்புவாள், தெருமுனை சிக்னல்வரை நடந்துவிட்டு வாங்க ஐயா, என்னென்ன கேட்டுதுன்னு வந்து சொல்லுங்க, என்று. அந்த இடைவெளியில் பள்ளித்தோழர்களின் சேதிகளைக் கேட்டு முடித்துவிடலாம் என்றுதான் கைபேசியை எடுத்தாள். கேப்டன், அதாவது பள்ளியில் வகுப்புத்தலைவியாக இருந்து இன்றுவரை அந்தப் பதவியிலிருந்து இறங்காதவள், இப்போது அடுக்குமாடி வீடுகள் கட்டி விற்கிறாள், மகளுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருக்கிறார்கள், இந்த வாரக் கடைசியில் சாவி ஒப்படைக்கிற வேலையாம், ஆபீஸைவிட்டு அசைய முடியவில்லையாம்... டிக், டிக். இருபத்தைந்தாவது வருஷச் சந்திப்பு, எவ்வளவு பேச்சு, அவள் அந்த இரண்டு நாளுக்கு யாருக்கும் நேரம் கொடுக்காமல் இந்தக் காது பரிசோதனை நிலையத்தையே பூட்டுவதாக இருந்தாள், புதுச்செருப்புகூட வாங்கினாள், அது இன்னும் பெட்டி பிரிக்காமல் கிடக்கிறது, அப்புறம் குருவி கூப்பிட்டாள். குருவி, எட்டு வருஷம் ஒரே பெஞ்சில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்தவள். “ஏய், கூட்டம் கேன்சல்டி, யாருக்கும் தோதுப்படல. அதுக்குப் பதிலா ஆளுக்கொரு வாய்ஸ் அனுப்பணுமாம், வேலை, பிள்ளைங்க, யார் எங்க இருக்கோம்னு. நீயும் அனுப்பு, ஆனா காதுக்குள்ள நத்தை எலும்புன்னு பாடம் நடத்திடாத, தாங்காது.” இரண்டு பேரும் சிரித்தார்கள். உண்மையிலேயே சிரித்தோமா, அல்லது நான் மட்டுமா?

அடுத்தது பஞ்சு. சுருட்டைமுடிக்கு வைத்த பெயர், முடி போய்ப் பெயர் மட்டும் நின்றுவிட்டது, இப்போது தோல் டாக்டர், “ட்யூட்டி ரூம்லேர்ந்து பேசுறேன் மக்களே, இங்க மூச்சு விட நேரமில்ல...” அவன் மூச்சுவிடாத அந்த அறையிலும் டிக். அவள் கருவியைச் சரிபார்க்கிற கணினியில் கேப்டனின் பதிவையும் கைபேசியில் பஞ்சுவினுடையதையும் சேர்த்து ஓடவிட்டாள், இரண்டு டிக்கும் கைகோத்து நடக்கிற புருஷன் பெண்டாட்டி மாதிரி ஒரே நடையில் போயின. உலகத்தில் உரசாத விசிறி எங்கே இருக்கிறது, இது ஒரு சாட்சியமா, என்று தன்னையே அதட்டிக்கொண்டாள். காது என்பது பாவம், ஒன்றையும் தள்ளாது, எது வந்தாலும் உள்ளே அனுப்பிவிடும், அதில் வேண்டியதை வைத்துக்கொண்டு வேண்டாததை வெளியே தள்ளுவது மூளைதான், அதனால்தான் பேசுகிறவர் தன் தலைக்குமேல் ஓடுகிற விசிறியைக் கேட்பதே இல்லை. கைபேசிக்கு அந்த ஓரவஞ்சனை தெரியாது, குரலையும் விசிறியையும் ஒரே பந்தியில் உட்காரவைத்துவிடும். பஞ்சுவின் பேச்சு நடுவில் கதவு ஒன்று திறந்தது, கீழே ஒரு ஸ்வரம், மேலே ஒரு ஸ்வரம், எண்ணெய் காணாத கீல். கேப்டனின் ஆபீஸ் கதவும் அதே இரண்டு ஸ்வரத்தில்தான் திறந்தது. சரி, கதவும் போகட்டும்... மூன்றாவதாக மைக், எப்போதும் ஊருக்கே கேட்கிற தொண்டை, விவாகரத்து ஆனதையும் மீன்தொட்டி வாங்கியதையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, “மீனுங்க எதிர்த்துப் பேசாது” என்று முடித்தான், அவன் விரலை எடுப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு, முதலில் உள்ளே இழுத்துப் பிறகு கிக்கென்று உடைகிற சிரிப்பு, உடனே யாரோ “ஷ்ஷ்...” சிரிப்பு பாதியில் நின்றது. அந்தச் சிரிப்பை அடக்கத்தான் பெஞ்சுக்கு அடியில் இவள் எத்தனை தடவை குருவியின் தொடையில் கிள்ளியிருக்கிறாள்.

கதவு திறந்தது, அவள் திடுக்கிட்டாள், ஆனால் இது இவளுடைய கதவு, கண்டக்டர். பஸ்ஸில் விசில் ஊதி ஊதியே காது போனவர். “வேணாம்மா இது, கழட்டிடுங்க. பேப்பர் புரட்டுனா சண்டைக்கு வர்ற மாதிரி இருக்கு. வழியில ரெண்டு பொம்பளைங்க என் மருமகளைப் பத்திப் பேசிட்டுப் போறாங்க.” என்ன பேசினாங்க ஐயா, என்றாள், வாய் தானாகக் கேட்டது. “செவிட்டு மாமனாரை வச்சுக்கிட்டு தொண்டை கிழியக் கத்துறா, பாவம்னு. கத்துறது எனக்கும் தெரியும்மா. பாவம்ங்கறதுதான் புதுசு.” அவள் சிரித்தாள், கருவியைக் கணினியோடு இணைத்தாள், மெல்லிய சத்தங்களைக் கொஞ்சம் இறக்கினாள், கொஞ்ச நாள் போகட்டும் ஐயா, எதைக் கேட்கணும் எதை விடணும்னு மூளை பழகிக்கும். “பழகலைன்னா?” பழகிடும், என்றாள், அசையாம உட்காருங்க, பதிவாகிட்டிருக்கு.

எல்லோரும் ஒரே வீட்டில் கூடியிருக்கிறார்கள், எதற்காக என்னை மட்டும் விட்டார்கள்? அம்மா அந்தப் பள்ளி அலுவலகத்தில் தட்டச்சு செய்ததால் கிடைத்த இடம் என்பதாலா, மற்றவர்கள் காரில் வந்து இறங்க நான் அம்மாவோடு பின்வாசல் வழியாக நுழைந்தவள் என்பதாலா, அது அப்போதே தீர்ந்த கதை இல்லையா, உப்புக்குச் சப்பாணியாகத்தான் இத்தனை வருஷம் ஆட்டத்தில் வைத்திருந்தார்களா... அல்லது வெறும் நத்தை எலும்பா, போன சந்திப்பில் சாப்பாட்டு மேசையில் ஆரம்பித்து, ஒலி எப்படித் தண்ணீரை அசைக்கிறது, தண்ணீர் எப்படி உள்ளே இருக்கிற மயிரிழைகளைச் சாய்க்கிறது என்று கரண்டியும் தட்டுமாக விளக்கியபோது கேப்டன் யாரையோ பார்த்துப் புருவம் தூக்கினாளே, அதுவா? சலிப்பு என்றால் சலிப்பு என்று சொல்லலாமே, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பானேன். அவர்களை விடு. குருவி வாயால் எதற்குச் சொல்லவைத்தார்கள், குருவி எதற்குச் சொன்னாள்? அவளுடைய பதிவு ஒன்றுதான் மிச்சம், ஆசையாகக் கடைசிக்கு வைத்திருந்தது. கண்டக்டருக்கு முதுகைக் காட்டித் திரும்பிக் கைபேசியைக் காதோடு ஒட்டிக்கொண்டாள்.

பெரியவன் கல்லூரிக்குப் போய்விட்டான், சின்னவளுக்குப் பல்லில் கம்பி, மாடி ஏறினால் முட்டி பேசுகிறது, “உங்க யாரையும் பார்க்க முடியாம போச்சேன்னுதான் மனசு கெடந்து அடிச்சுக்குது...” டிக் இல்லை. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள், விசிறி இல்லை, கதவு இல்லை, ஒன்றுமே இல்லை, நெஞ்சுக்குள் ஏதோ இளகியது, அப்படியானால் குருவி அங்கே இல்லை, அந்தச் சிரிப்பு வேறு யாருடையதோ, உலகத்தில் ஒருத்திதானா அப்படிச் சிரிப்பாள்... பிறகுதான் உறைத்தது. ஒன்றுமே இல்லை என்பது எங்கும் கிடையாது. எந்த அறையில் பேசினாலும் சுவர் குரலில் கொஞ்சம் திருப்பிக் கொடுக்கும், கண்ணாடி இன்னும் அதிகம், வெட்டவெளியில் காற்றாவது இருக்கும். இந்தக் குரலுக்குச் சுவரே இல்லை, வாயை விட்டு வந்ததும் ஏதோ மெத்தென்று விழுங்கிவிடுகிறது. துணி. ஒருமுறை சின்னவளின் பேச்சுப்போட்டிக்காக ஏதோ பதிவு செய்யவேண்டும், வீட்டில் ஒரே இரைச்சல் என்று குருவி புலம்பியபோது இவள்தான் சொன்னாள், பீரோவைத் திறந்து துணிகளுக்குள்ள தலையை விட்டுக்கிட்டுப் பேசுடி, துணி எல்லாச் சத்தத்தையும் தின்னுடும், என்று, ஏன் தின்கிறது என்பதையும் சேர்த்துத்தான் சொன்னாள், குருவி கன்னத்தில் கைவைத்துக் கடைசிவரை கேட்டாள், அவள் ஒருத்திதான் எப்போதும் கடைசிவரை கேட்பாள்.

ஆக அந்த வீட்டில் அத்தனை பேர் சிரித்துக்கொண்டிருக்க, அவள் மட்டும் எழுந்து ஏதோ ஓர் அறையில் யாருடைய பீரோவையோ திறந்து, யாருடைய சட்டைகளுக்கு இடையிலோ முகத்தைப் புதைத்துக்கொண்டு, மனசு கெடந்து அடிச்சுக்குது என்றிருக்கிறாள். கேப்டனுக்கும் பஞ்சுவுக்கும் இவள் காது ஞாபகத்திலேயே வரவில்லை, மறந்துபோய்ப் பொய் சொன்னார்கள். குருவி மறக்கவில்லை. இவளை முழுசாக நினைவில் வைத்துக்கொண்டு, இவளுக்கென்று பார்த்துப் பார்த்துப் பொய் சொல்லியிருக்கிறாள்... அடித்ததா, அடி படாமல் பார்த்துக்கொண்டதா, இதற்கு என்ன பெயர்?

“என்னம்மா, கூப்பிட்டீங்களா?” என்றார் கண்டக்டர்.

இல்லைங்க ஐயா, என்றாள். ஆனால் ஏதோ ஒன்றைச் சத்தமாகச் சொல்லியிருந்தாள் போலத்தான் இருந்தது, பெயரைத்தானா, திட்டையா என்றுதான் தெரியவில்லை.