மாதிரித் தீர்மானத்தில் இரண்டு திருத்தங்கள்

ஊராட்சி அலுவலகத்தில் அன்று ஆஜரானோர்: தலைவர் நாற்காலியில் பாண்டியம்மாள். அவருக்கு எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில், ஒன்றிய அலுவலகத்திலிருந்து வந்த சூரியபிரகாஷ். சன்னலோரப் பெஞ்சில் துணைத்தலைவர் பேயாண்டி. கதவருகே மேசையில், ஊராட்சிச் செயலரான நான்.

சூரியபிரகாஷ் கொண்டுவந்தது ஒரு மாதிரித் தீர்மானம். மேலிடத்திலிருந்து இப்படி வரும். கோடிட்ட இடத்தில் ஊர்ப்பெயரை நிரப்பி, அப்படியே பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுவோம். யாரும் படித்துப் பார்ப்பதில்லை. பாண்டியம்மாள் வாசிக்கச் சொன்னார்.

"எங்கள் மண்ணின் கனிமத்தால் வரும் வருவாயில், மத்திய அரசு எங்கள் மாநிலத்துக்கு உரிய பங்கைத் தர வேண்டும். இழப்பைச் சுமப்பவருக்கே முதல் உரிமை" என்று வாசித்தேன்.

"நல்லா எழுதியிருக்காக. சார், நம்ம குவாரிக் கல்லுப் பணத்துல ஊராட்சிக்குப் பங்கு உண்டுல்ல?" என்று கேட்டார் பாண்டியம்மாள்.

"உண்டும்மா. சென்னையிலருந்து வரும்."

"மூணு வருசமா வந்துக்கிட்டுத்தான் இருக்கு," என்றார் பேயாண்டி. "மேலூர்ல பஸ் கெடைக்கல போல."

பாண்டியம்மாள் சிரிக்கவில்லை. குவாரிப் பள்ளம் ஆழமாக ஆழமாக கிழக்குத் தெருக் கிணறு வற்றிப்போனது. புது ஆழ்துளைக் கிணறு போட அந்தப் பணத்தைத்தான் நம்பியிருந்தார்.

"தம்பி, இதை அப்படியே எழுதுங்க. அடுத்த பக்கத்துல இன்னொண்ணு எழுதுங்க. மத்திய அரசுங்கிற எடத்துல மாநில அரசு, மாநிலம்ங்கிற எடத்துல நம்ம ஊரு. மத்தபடி ஒரு எழுத்தும் மாத்த வேணாம்."

சூரியபிரகாஷ் எழுந்துவிட்டார். "வெளையாடாதீங்கம்மா. ரெண்டாவதை நான் வாங்க மாட்டேன்."

"அப்ப மொதலும் கெடையாது. டெல்லிகிட்ட நீங்க கேட்டா உரிமை, உங்ககிட்ட நாங்க கேட்டா வெளையாட்டா?"

"உங்க செக் பவரைப் பிடுங்கிருவாங்க. ஒரு குழாய் ரிப்பேருக்குக்கூட நீங்க செக் போட முடியாது."

"கணக்குலயே காசில்ல. பவரைத் தாலியில கோத்துக்கவா?"

சூரியபிரகாஷ் பெஞ்சுப் பக்கம் திரும்பினார். "பேயாண்டி அண்ணே, நீங்களாவது சொல்லுங்க."

"எங்க தோட்டத்துக் கிணத்துலயும் இப்ப பாம்புதான் குடியிருக்கு," என்ற பேயாண்டி பேனாவுக்குக் கை நீட்டினார். "எங்க போடணும், மாப்ள?"

நான் இரண்டையும் எழுதி, கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினேன். சூரியபிரகாஷ் வெறுங்கையோடு வண்டியைக் கிளப்பினார். சாயங்காலம் வார்டு உறுப்பினர்கள் கூடி, இரண்டையும் வாசித்துக் கேட்டு ஒப்பமிட்டார்கள்.

மறுநாள் மேலூர் தபால் நிலையத்தில், இரண்டு தீர்மானங்களின் நகல்களையும் ஒன்றிய அலுவலக முகவரி எழுதிய ஒரே உறையில் வைத்தேன். அனுப்புநர் இடத்தில் தலைவர் முத்திரையைக் குத்துவதற்கு முன், கூட வந்திருந்த பாண்டியம்மாளைப் பார்த்தேன்.

"இருக்குற வரைக்கும் குத்துங்க தம்பி."

குத்தினேன். அவரே பசை தடவி, உள்ளங்கையால் அழுத்தி ஒட்டி, கவுண்டருக்குள் தள்ளினார்.