மிச்சமிருந்த மூன்றாவது சுற்று

ஒரு காலத்தில் அவனை எல்லோரும் மின்னல் என்றுதான் கூப்பிட்டார்கள். பெயருக்குத் தகுந்த மாதிரியே பளிச்சென்று வந்தான், பளிச்சென்று காணாமல் போனான்.

பதினேழு குத்துச்சண்டைகளில் பதினான்கை முதல் சுற்றிலேயே முடித்தவன். வலது கை ஒரு தடவை சரியாக விழுந்தால் போதும், எதிரில் இருப்பவன் கூரையில் விளக்கு எத்தனை என்று எண்ணிக்கொண்டு கிடப்பான். முதல் சுற்றில் முடிகிற வேலைக்கு விடிகாலையில் எழுந்து எதற்கு ஓட வேண்டும் என்பது அவன் கட்சி. பயிற்சியாளர் கத்திக் கத்தித் தொண்டை வறண்டதுதான் மிச்சம். இவன் ஒன்பது மணிக்குக் கொட்டாவி விட்டுக்கொண்டே வருவான், மணல் மூட்டையில் நாலு குத்து விடுவான், சுற்றி நிற்பவர்கள் வாயைப் பிளப்பார்கள், போய்விடுவான்.

தேசிய அணிக்கு ஆள் எடுக்கும் இறுதிச் சண்டை வந்தது. எதிரில் வந்தவன் அப்படியொன்றும் பெரிய கெட்டிக்காரன் இல்லை. ஆனால் அடித்தால் விழமாட்டான், விழுந்தாலும் எழுந்துவிடுவான். இரண்டு சுற்று முடிந்தபோது புள்ளியில் மின்னல்தான் முன்னால் இருந்தான். ஸ்டூலில் உட்கார்ந்தான். மூன்றாவது சுற்றுக்கு மணி அடித்தது. அவன் எழுந்திருக்கவில்லை. விலாவைப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டினான். நடுவர் எதிராளியின் கையைத் தூக்கிவிட்டார்.

விலா எலும்பு போய்விட்டது, பாவம் என்று எல்லோரும் சொன்னார்கள். அவனும் அதையே சொன்னான். அதற்கப்புறம் அந்தப் பக்கமே தலை வைத்துப் படுக்கவில்லை.

இதெல்லாம் நடந்து பத்தொன்பது வருடம் ஆகிவிட்டது. இப்போது நாற்பத்திரண்டு வயதில், ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருக்கும் சலவைக் கூடத்தில் வேலை பார்க்கிறான். எட்டு மாடியின் படுக்கை விரிப்புகளும் அங்கேதான் வந்து சேரும். இயந்திரத்திலிருந்து வெளியே வரும்போது ஈரத்துணியெல்லாம் வடக்கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டிருக்கும். இடது கையால் பிடித்து இழுத்து, வலது கையால் உதறி, உலர்த்தியில் போட வேண்டும். ஒரு நாளைக்கு நானூறு விரிப்பு. அவன் குத்துச்சண்டைக்காரனாக இருந்தது அங்கே ஒருவருக்கும் தெரியாது, ஒரே ஒரு ஆளைத் தவிர. அது அவன் அக்கா. அதே ஆஸ்பத்திரியில் நாலாவது மாடியின் தலைமை நர்ஸ்.

ஒரு நாள் மதியம், சீருடை போட்ட தபால்காரர் ஒருவர் சலவைக் கூடத்துக்குள் வந்து நின்றார். இவன் கையைத் துடைத்துக்கொண்டு போனான்.

"எங்க கையெழுத்துப் போடணும்?"

"கடுதாசி ஒண்ணும் இல்ல மின்னலு. நான்தான் வந்திருக்கேன்."

 அந்தப் பெயரைக் கேட்டதும் இவன் நிமிர்ந்து முகத்தைப் பார்த்தான். முடி பாதி போயிருந்தது. மூக்கு மட்டும் அதே கோணல் மூக்கு. அன்றைக்கு எதிர்மூலையில் நின்றவன்.

இருவரும் துணி மூட்டைகள் மேல் உட்கார்ந்தார்கள். தபால்காரர் சுற்றி வளைக்காமல் பேசினார். பழைய குத்துச்சண்டைச் சங்கத்தில் நாற்பது வயது தாண்டியவர்களுக்குப் போட்டி வைக்கிறார்களாம். இரண்டு இரண்டு நிமிடமாக மூன்று சுற்று.

"என்னோட நீ சண்டை போடணும்."

"எதுக்கு? அதான் ஜெயிச்சிட்டீங்களே."

"எங்க ஜெயிச்சேன்? நீ உக்காந்துட்டே, என் கையைத் தூக்கிட்டாங்க. அணிக்குப் போனேன். முதல் நாளே பின்னாடி ஒருத்தன் சொல்றான், இவன் சும்மா வந்தவன்டான்னு. அதுக்கப்புறம் நான் ரிங்ல ஏறும்போதெல்லாம் அந்தப் பேச்சும் கூடவே ஏறுச்சு. நாலு மாசத்துல வீட்டுக்கு அனுப்பிட்டாங்க." அவர் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்தார். "உன் விலா நல்லா இருந்திருந்தா நான் தோத்திருப்பேனா? எனக்கு அது தெரியணும். இந்த வயசுல வேற ஒண்ணும் வேண்டாம்."

இவன் யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தான். யோசிக்க என்ன இருக்கிறது, முடியாது என்பதுதான் பதில். ஆனால் சாயங்காலம் வரை கையில் வேலை ஓடவில்லை. மூன்றாம் வார்டு துணியை ஐந்தாம் வார்டு வண்டியில் போட்டான். கடைசியில் படியேறி அக்காவிடம் போனான். மருந்து அறையில் அவள் ஊசிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு என் விலாவுக்கு ஒண்ணும் ஆகல."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"அன்னிக்கு வீட்டுல உன் விலாவைத் தடவிப் பாத்தது யாரு? ஒரு வீக்கம் இல்ல, ஒரு சிவப்பு இல்ல." அவள் கை அடுக்குவதை நிறுத்தவில்லை. "மூச்சு வாங்குச்சு, அதானே?"

"நிக்கவே முடியலக்கா. இன்னொரு நிமிஷம் போனா அவரு என்னை அடிச்சு விழ வச்சிருப்பாரு. அத்தனை பேர் பாக்க விழறதுக்கு உக்காந்தே தோத்துடலாம்னு தோணுச்சு."

பத்தொன்பது வருடமாக நெஞ்சில் கிடந்தது மூன்று வாக்கியத்தில் தீர்ந்துபோனது அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"அவரு இன்னிக்கு வந்து மறுபடி சண்டைக்குக் கூப்பிட்டாருக்கா. அவர்கிட்ட சொல்லிடவா?"

"வெறும் வாயால சொன்னா நம்புவாரா? ஏதோ ஆறுதலுக்குச் சொல்றேன்னு நினைப்பாரு. முதல்ல போய் அந்த மூணாவது சுத்தை நின்னு ஆடு. அப்புறம் சொல்லு." அக்கா இழுப்பறையை மூடினாள். "உன் மூலையில நான் நிக்கறேன். காயத்துக்கு மருந்து போட இந்த ஊர்ல என்னைவிட ஆள் கிடையாது."

போட்டிக்குப் பத்து வாரம் இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக விடிவதற்கு முன்னால் எழுந்தான். முதல் நாள் தெருமுனை தாண்டவில்லை. மின்கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான். பால் வண்டிக்காரர் இறங்கிவந்து, யாரைக் கூப்பிடணும் என்று விசாரித்தார். வீட்டில் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஒரு கொசுவை அடிக்க நாலு தடவை கை தட்டற ஆளு, குத்துச்சண்டையாம்." ஆனால் மறுநாளிலிருந்து அவளே அலாரம் வைத்தாள்.

ஐந்தாவது வாரத்தில் ஆஸ்பத்திரியின் எட்டு மாடியையும் நிற்காமல் ஏறினான். எட்டாவது வாரத்தில் இரண்டு தடவை ஏறி இறங்கினான். தொப்பை கரைந்தது. பழைய சங்கத்தில் மூட்டையைக் குத்திப் பார்த்தபோது ஒரு விஷயம் புரிந்தது. அன்றைக்கு வெறும் அலங்காரத்துக்கு இருந்த இடது கை, இத்தனை வருடம் ஈரவிரிப்பு இழுத்து இழுத்து இரும்பாகியிருந்தது.

போட்டி ஞாயிற்றுக்கிழமை காலை. பள்ளிக்கூட விளையாட்டு அரங்கில் முந்நூறு பேர் இருந்தார்கள். சலவைக் கூடம் மொத்தமும் வந்திருந்தது. தபால்காரர் பக்கம் பாதித் தபால் நிலையமே வந்திருந்தது.

முதல் சுற்றில் மின்னலின் வலது கை பழையபடி ஒரு தடவை விழுந்தது. தபால்காரர் மல்லாந்தார். அரங்கு எழுந்து நின்றது. நடுவர் ஏழு எண்ணும்போது அவர் எழுந்துவிட்டார், அதுவும் சிரித்துக்கொண்டே. இரண்டாவது சுற்று முழுக்க அவருடையது. நெருங்கி வந்து, தலையை இவன் மார்பில் ஒட்டிக்கொண்டு, வயிற்றிலும் விலாவிலும் வீட்டுக்கு வீடு கதவு தட்டுகிற மாதிரி விடாமல் தட்டினார். இவன் புருவத்துக்கு மேல் கிழிந்தது. மூலைக்கு வந்து உட்கார்ந்தபோது நெஞ்சு துருத்தி மாதிரி ஏறி இறங்கியது.

 அக்கா தண்ணீர் கொடுத்தாள், காயத்தில் பஞ்சை அழுத்தினாள், களிம்பு தடவினாள். இவன் கண்ணை மூடினான். கால் கனத்தது. அந்தப் பழைய பயம் வரட்டும் என்று காத்திருந்தான். வந்தது. ஆனால் கூடவே மூச்சும் வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, ஆழமாக, ஒழுங்காக. கண்ணைத் திறந்து எழுந்து நின்றான்.

"உக்காருடா," என்றாள் அக்கா. "இன்னும் இருபது செகண்ட் இருக்கு. மருந்து காயல."

"நின்னுக்கிட்டே காயட்டும்க்கா."

அவள் எட்டி எட்டி அவன் நெற்றியை ஒற்றிக்கொண்டிருக்கும்போதே மணி அடித்தது.

அந்த இரண்டு நிமிடத்தைப் பார்த்தவர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு பேரும் பின்வாங்கவே இல்லை. இவன் வலது கைக்காகவே தபால்காரர் காத்திருந்தார். இவன் இடது கையை வீசினான். மறுபடி இடது. விரிப்பை இழுக்கிற அதே இழுப்பில் இடுப்பிலிருந்து கிளம்பிய குத்து. தபால்காரர் தடுமாறினார், விழவில்லை, திருப்பிக் கொடுத்தார். கடைசி அரை நிமிடம் அவருக்கு மூச்சு வாங்கியது. இவனுக்கு வாங்கவில்லை. கடைசி மணி அடிக்கும்போது இவன் முன்னால் போய்க்கொண்டிருந்தான்.

புள்ளி போட்ட மூன்று நடுவர்களில் இரண்டு பேர் மின்னலுக்கு எழுதியிருந்தார்கள். அவன் கை மேலே போனது. சலவைக் கூடத்துக்காரர்கள் கொண்டுவந்திருந்த தலையணை உறைகளைத் தலைக்கு மேல் சுழற்றினார்கள். அக்கா அழுதுகொண்டே பஞ்சுகளை எண்ணி டப்பாவில் போட்டாள்.

தபால்காரர் வந்து கட்டிக்கொண்டார். "தெளிவாயிடுச்சு. அன்னிக்கு எழுந்திருந்தாலும் நீதான் ஜெயிச்சிருப்பே."

"இல்லண்ணே." அவரை அண்ணன் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "அன்னிக்கு எழுந்திருந்தா ஒரே நிமிஷத்துல என்னைப் படுக்க வச்சிருப்பீங்க. விலாவுக்கு ஒண்ணும் ஆகல. ஓடாம வந்து மூச்சு போயிருந்துச்சு. உங்களுக்குப் பயந்துதான் உக்காந்தேன். அது நீங்க அடிச்சு ஜெயிச்ச சண்டை."

தபால்காரர் அவனை விட்டு ஒரு அடி பின்னால் போய் முகத்தைப் பார்த்தார். இந்த முகம் இன்றைக்கு மூன்று சுற்று அவரோடு நின்ற முகம். அது பொய் சொல்லவில்லை என்று அவருக்குத் தெரிந்தது. வீங்கிய உதட்டோடு மெல்லச் சிரித்தார். தோற்றவர் மாதிரியே இல்லை.

"மூணாவது வரிசையில பச்சைப் புடவை. என் வீட்டுக்காரி," என்றார். "அவகிட்ட வந்து இதை ஒரு தடவை சொல்றியா?"

கையுறையைக்கூடக் கழற்றாமல் இரண்டு பேரும் கயிற்றுக்குக் கீழே குனிந்து இறங்கினார்கள். மின்னல் அந்த அம்மாள் முன்னால் போய் நின்று, சுற்றியிருந்த தபால் நிலையம் மொத்தத்துக்கும் கேட்கிற மாதிரி, முதல் வார்த்தையிலிருந்து சொல்ல ஆரம்பித்தான்.