அடுப்பில் படுத்த பூனை

கேண்டீன் அக்காவுக்குக் கோபம் வந்தால் வாயில் வராது, கையில் வரும். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆஸ்பத்திரி கேண்டீனில் வெங்காயம் படாத பாடு பட்டது. பாத்திரம் தேய்க்கும் அம்மா இரண்டு தரம் எட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, அது வெங்காயம். உங்க வீட்டுக்காரர் இல்ல," என்றாள்.

"தெரியும். அவரா இருந்தா இவ்வளவு பொறுமையா நறுக்க மாட்டேன்," என்றாள் அக்கா.

கோபத்துக்குக் காரணம் ஒரு பூனை. அதுவும் நிஜப் பூனை இல்லை, கம்பிப் பூனை. உள்ளங்கையில் அடங்கிவிடும். அதைச் செய்தவர் அக்காவின் வீட்டுக்காரர்.

அவர் ஒரு காலத்தில் லாரி ஓட்டினார். ஓட்டினதைவிடக் குடித்ததுதான் அதிகம். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரே நாளில் குடியை விட்டார். எப்படி விட்டார், எதனால் விட்டார் என்று அக்கா கேட்கவே இல்லை. கேட்கப்போய், விட்டது திரும்பி ஒட்டிக்கொண்டால் என்ன செய்வது என்ற பயம். விட்டாரே, அது போதும் என்று வாயை மூடிக்கொண்டாள். சும்மா இருக்க முடியாத அந்தக் கைக்கு அவரே ஒரு வேலை கொடுத்துக்கொண்டார். பழைய கம்பியை வளைத்து, முறுக்கி, ஏதாவது பொம்மை செய்வார். அவர்கள் போகும் கிறிஸ்தவ சபையில் எல்லோருக்கும் அவர் லாரி அண்ணன்.

நாலு மாதத்துக்கு முன்னால் போதகருடைய மனைவிக்கு ஒரு யோசனை வந்தது. "மைக்கைப் பிடிச்சு சாட்சி சொன்னா ஜனங்க தூங்கறாங்க. கையால செஞ்ச ஏதாவது ஒண்ணைக் கொண்டு வாங்க. அதைக் காட்டி உங்க வாழ்க்கையைச் சொல்லுங்க. கேக்கறவங்க அதைக் கையில வாங்கிப் பாக்கட்டும். என்ன கேள்வி வேணும்னாலும் கேக்கட்டும். கேட்டதுக்கு உண்மையைச் சொல்லணும், அவ்வளவுதான்," என்றார். ஆஸ்பத்திரி, முதியோர் இல்லம், ஜெயில் என்று மாதம் இரண்டு இடமாவது போனார்கள். சபையில் இருக்கிற தையல்காரம்மா வெட்டுத் துணிகளை ஒட்டித் தைத்த சால்வை ஒன்றைக் கொண்டுவருவாள். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு துக்கம், ஒரு சந்தோஷம். நம்ம லாரி அண்ணன் கொண்டுவந்தது ஒரு கம்பி லாரி, ஒரு கம்பி வீடு.

அந்த வீட்டில்தான் வில்லங்கம். கூரையைத் தூக்கினால் உள்ளே ஒரு அடுப்பு. அடுப்பில் சுருண்டு படுத்தபடி ஒரு பூனை.

"குடிச்சுக் குடிச்சு எல்லாத்தையும் அழிச்சேன்," என்று அவர் ஆரம்பிப்பார். "ஒரு நாள் வீட்டுக்கு வந்து பாக்கறேன், ஆளில்ல. அடுப்புல பூனை தூங்குது. என் பிள்ளைங்க பட்டினி. அந்த இடத்துலயே உடைஞ்சு போனேன். அங்கிருந்து நேரா சபைக்கு நடந்தேன்." இப்படிச் சொல்லிப் பூனையை எடுத்துத் தூக்கிக் காட்டுவார். ஜனங்கள் உச்சுக் கொட்டுவார்கள். பிறகு ஒவ்வொரு தலையாகத் திரும்பும், கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் அக்காவை நோக்கி. ஐயோ பாவம் என்ற அந்தப் பார்வை இருக்கிறதே, அதுதான் அவளுக்கு நெருப்பு.

இருக்காதா பின்னே? பதினெட்டு வயதில் கரண்டியைப் பிடித்தவள். முந்நூறு பேருக்குச் சமைத்து, ஒரு நாளும் பத்தவில்லை என்ற பேச்சு வராமல் பார்த்தவள். அவள் வீட்டு அடுப்பு எரியவில்லையாம்! முதல் தடவை கேட்ட அன்றே வீட்டுக்கு வந்து பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, நாம என்னைக்குங்க பூனை வளர்த்தோம்?"

"வளர்க்கல. அது படுத்திருந்துச்சு."

"என் அடுப்பு எரியாத நாள் ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க பாப்போம்."

அவர் சண்டைக்கு வரவில்லை. கண்கலங்கிப் போய், "நீ எனக்காக மூடி மறைக்கிறம்மா. அப்பவும் அப்படித்தான், இப்பவும் அப்படித்தான். நான் செஞ்சது தப்பு. ஒத்துக்கிட்டேன், விடு," என்றார்.

இப்படிப்பட்ட மனுஷரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சண்டை போட்டாலாவது பதிலுக்குப் போடலாம். பூனைக் கதையை அவர் ஜோடித்துவிட்டார் என்றே அக்கா முடிவு கட்டினாள். கைதட்டல் என்று ஒன்று வந்துவிட்டால் யாருக்குத்தான் கதை வளராது?

போதகரிடம் போய் முறையிட்டாள். "அக்கா, அந்தப் பூனையைப் பாத்து மூணு பேர் குடியை விட்டிருக்காங்க," என்றார் அவர்.

"விடட்டும் ஐயா, ரொம்ப நல்லது. அவங்க குடியை விடறதுக்கு நான் ஏன் பிள்ளைங்களைப் பட்டினி போட்டவளா இருக்கணும்?"

போதகர் டீயை ஆற்றினார். ஆற்றி ஆற்றி அது பச்சைத் தண்ணீராகவே ஆகிவிட்டது. கடைசியில், "ஜெபம் பண்ணுவோம்," என்றார். பண்ணினார்கள். பூனை போன பாடில்லை.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டாள். இந்த ஞாயிறு கூட்டம் எங்கே தெரியுமா? அவளுடைய கேண்டீனிலேயே. சாயங்காலம் நாலு மணிக்கு, நோயாளிகளோடு துணைக்கு இருப்பவர்கள், நர்சுகள், அவள் கரண்டிக்குக் கீழே வேலை செய்யும் பதினோரு பேர், எல்லோர் முன்னாலும். அக்கா இருக்கிற இடத்திலிருந்து யாரும் வெறும் வயிற்றோடு போக மாட்டார்கள் என்று பேர் எடுத்த இடம் அது. இங்கே அந்தப் பூனை வெளியே வந்தால் இத்தனை வருஷத்துப் பேரும் போயிற்று. காலையில் கிளம்பும்போது கெஞ்சாத குறையாகக் கேட்டாள். "இன்னைக்கு ஒரு நாள் பூனையை வீட்டுல விட்டுட்டு வாங்க."

"அதை எடுத்துட்டா அது என் கதையே இல்லம்மா," என்றார் அவர்.

அதனால்தான் வெங்காயத்துக்கு அந்தக் கதி.

நாலு மணிக்குக் கேண்டீன் நிறைந்துவிட்டது. தையல்காரம்மா சால்வையை விரித்துத் தன் கதையைச் சொல்லி முடித்தாள். பிறகு லாரி அண்ணன் எழுந்தார். லாரி, பாட்டில், விபத்து என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தவர் வீட்டின் கூரையைத் தூக்கினார். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். உச்சுக் கொட்டும் சத்தம் அலை அலையாக வந்தது. கண்ணைத் திறந்தால், பாத்திரம் தேய்க்கும் அம்மா ஈரக் கையோடு அவள் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். "இவ்வளவு பட்டீங்களா அக்கா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!"

தரை பிளந்து தன்னை விழுங்கினால் தேவலை என்று இருந்தது அக்காவுக்கு.

பொம்மை கை மாறி மாறிப் போயிற்று. காலில் மாவுக்கட்டுப் போட்ட ஒரு பெண், சக்கர நாற்காலியில் இருந்தபடி பூனையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அண்ணே, கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க. நிஜமாவே பூனை இருந்துச்சா, இல்ல கதைக்காகச் சேத்துக்கிட்டீங்களா?"

மாட்டினார் மனுஷர் என்று அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இருந்துச்சும்மா," என்றார் அவர் யோசிக்காமல். "வெள்ளைப் பூனை. வலது காது கிழிஞ்சிருந்துச்சு. வால் பாதிதான் இருந்துச்சு. கம்பி மிச்சமாச்சேன்னு நான்தான் இதுல முழு வால் வச்சுட்டேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. காது கிழிந்த, வால் போன வெள்ளைப் பூனையை அவளுக்கு நன்றாகத் தெரியும். பழைய வீட்டில், பக்கத்து வீட்டு வாட்ச் ரிப்பேர்க்காரருடைய பூனை. மத்தியானம் சமைத்து இறக்கி, தணலை வாரி வெளியே கொட்டிவிட்டு இவள் வேலைக்குக் கிளம்ப வேண்டியதுதான், ஜன்னல் வழியாக வந்து அடுப்பில் ஏறிவிடும். செங்கல் ஆறும் வரைக்கும் அசையாது. கரண்டியை ஓங்கி எத்தனை நாள் விரட்டியிருப்பாள்! சாயங்காலம் வந்து தரையெல்லாம் சாம்பல் தடத்தைத் துடைப்பதே ஒரு வேலை.

அப்படியானால் இவர் கதை ஜோடிக்கவில்லை. பார்த்திருக்கிறார்.

அக்கா எழுந்தாள். நாலு மாதமாகக் கூட்டத்தில் வாயைத் திறக்காதவள் எழுந்ததைப் பார்த்துப் போதகரும் பாதி எழுந்துவிட்டார்.

"எனக்கும் ஒரு கேள்வி. நீங்க வந்தப்ப மணி என்ன?"

"மூணு இருக்கும்," என்றார் அவர் திகைத்துப் போய். "லோடு இறக்கிட்டு வந்தேன்."

"அடுப்பைத் தொட்டுப் பாத்தீங்களா?"

"எதுக்குத் தொடணும்? அதான் பூனை படுத்திருக்கே."

"பூனை ஏன் படுத்திருந்துச்சு?"

"அடுப்பு எரியல. படுத்திருந்துச்சு."

"அட மனுஷா!" என்று கத்தியே விட்டாள் அக்கா. "சில்லுனு கிடக்கற செங்கல்லுல எந்தப் பூனை வந்து சுருண்டு படுக்குங்க? சூட்டுக்குப் படுத்துச்சுங்க! பன்னண்டு மணிக்கு ஆக்கி இறக்கிட்டுத்தான் நான் வேலைக்குப் போனேன். தினமும் அதுக்கு அந்த அடுப்புதான் மெத்தை."

போதகர் ஸ்தோத்திரம் என்று ஆரம்பித்துப் பாதியிலேயே விழுங்கிக்கொண்டார்.

சொல்லி முடித்த பிறகுதான் அக்கா யோசித்தாள். பன்னிரண்டு வருஷமாக இந்த மனுஷர் நிற்பதே அந்தப் பூனை மேல்தானே. அதை இத்தனை பேர் முன்னால் காலுக்கடியிலிருந்து உருவிவிட்டேனே, விழுந்துவிட்டால்? ஒரு பேருக்காகக் குடும்பத்தையே பணயம் வைத்துவிட்டேனே! பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

அவர், யாரோ ஒரு குழந்தை கேட்பது போன்ற குரலில் கேட்டார். "அப்ப... பிள்ளைங்க சாப்பிட்டாங்களா?"

"சாப்பிட்டாங்க."

"அன்னைக்கா?"

"அன்னைக்கும் சாப்பிட்டாங்க. வீட்டுக்கு வந்து சாப்பிட்டுட்டுத்தான் மறுபடி ஸ்கூலுக்குப் போனாங்க. சோறு, பருப்பு, ஆளுக்கு ஒரு முட்டை. சின்னவ மஞ்சள் கருவை அண்ணன் தட்டுல தள்ளிவிட்டா, அதுக்கு ஒரு சண்டை."

அவர் தொப்பென்று பெஞ்சில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அழுகை என்றால் அப்படி ஒரு அழுகை, தோளெல்லாம் குலுங்கியது. அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. கைதட்டலுக்காகச் சொல்கிறார் என்று நினைத்தாளே, பாவி! பன்னிரண்டு வருஷமாக அந்தப் பட்டினியை வயிற்றில் கல்லாகச் சுமந்துகொண்டு, அதை ஊர் ஊராக இறக்கி வைக்கப் பார்த்திருக்கிறார்.

"பெரியவன் ஒல்லியா இருக்கறதைப் பாக்கும்போதெல்லாம், நான் போட்ட பட்டினிதான்னு..." அவரால் முடிக்க முடியவில்லை.

"அவன் உங்கப்பா மாதிரிங்க. எதைப் போட்டாலும் தேறாத உடம்பு," என்றாள் அக்கா.

கேண்டீனே சிரித்தது. அவரும் அழுகையோடு அழுகையாகச் சிரித்துவிட்டார். மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அப்ப பூனையை எடுத்துடட்டுமா?" என்று கேட்டார்.

"வேணாம், இருக்கட்டும். எப்படியோ உங்களைக் கொண்டுவந்து சேத்துச்சே. ஆனா ஒண்ணு. இனிமே லாரிக் கதையை நீங்க சொல்லுங்க, அடுப்புக் கதையை நான் சொல்லிக்கறேன்."

"ஸ்தோத்திரம்!" என்றார் போதகர், இந்தத் தடவை முழுசாக.

"எனக்கும் ஆக்கி வச்சிருந்தியா?" என்று கேட்டார் அவர்.

"பின்னே? தட்டு போட்டு மூடி வச்சிருந்தேன், முட்டையோட. சாயங்காலம் வந்து பாத்தா வச்சது வச்ச மாதிரி இருந்துச்சு. நீங்க வரவே இல்லன்னு நினைச்சேன்."

அவர் விரலை மடக்கினார். "பெரியவன். சின்னவ. நான்." நாலாவது விரலைப் பிடித்துக்கொண்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். "நீ என்ன சாப்பிட்ட?"

அக்கா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள். சாப்பிட என்ன இருக்கிறது என்று அவளைக் கேட்காதவர்கள் கிடையாது. என்ன சாப்பிட்டாய் என்று இன்றைக்கு வரை ஒருவரும் கேட்டதில்லை. அன்று ஆக்கினது மூன்று தட்டுக்குத்தான் வந்தது. ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு வேலைக்கு நடந்தாள். அன்றைக்கு மட்டுமா?

"எனக்குப் பசிக்கல," என்றாள்.

அந்தக் கேண்டீனில் இருந்த அத்தனை பெண்களுக்கும் அந்த வார்த்தை தெரியும். சக்கர நாற்காலிக்காரி தலையைக் குனிந்துகொண்டாள். நாலு மாதமாக அவர் சொல்லிவந்தது பொய் இல்லை. பட்டினி இருந்தது, ஆளைத்தான் மாற்றிச் சொல்லிவிட்டார்.

லாரி அண்ணன் எழுந்தார். யாரையும் கேட்காமல் கவுண்டருக்குப் பின்னால் போய் ஒரு தட்டை எடுத்தார். சோறு போட்டார், குழம்பு ஊற்றினார், ஒரு முட்டையை வைத்தார், தயங்கி இன்னொன்றும் வைத்தார். கொண்டுவந்து மேஜையில் வைத்து, "உக்காரு," என்றார்.

"எல்லாரும் சாப்பிடட்டுங்க, நான் அப்புறமா..."

"உக்காரும்மா."

அக்கா தன் சொந்தக் கேண்டீனில், ஜனங்கள் உட்காரும் பெஞ்சில், முதல் தடவையாக உட்கார்ந்தாள். அத்தனை பேரும் காத்திருந்தார்கள். ஒரு வாய் எடுத்து மென்றாள். கண்ணில் நீர் கோத்துக்கொண்டு வந்தது.

"உப்பு கம்மி," என்றாள்.

"நீங்கதானே போட்டீங்க!" என்றாள் பாத்திரம் தேய்க்கும் அம்மா.

"கோபத்துல மறந்துட்டேன்."

ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள். அவர் எதிரில் உட்கார்ந்து, அவள் முடிக்கும் வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இன்னும் கொஞ்சம் போடவா?" என்று கேட்டார்.

போதும் என்று சொல்லத்தான் அவள் வாய் பழகியிருந்தது.

"போடுங்க," என்றாள்.