முன்னால் போனவர்

என் கணவரும் பக்கத்து வீட்டுக்காரரும் ஒரே கிடங்குத் தீயில், ஒரே குழாயைப் பிடித்தபடி இறந்தார்கள். நாட்டின் வீரப்பதக்கம் என் கணவருக்கு மட்டும் என்று சொல்ல ஓர் அதிகாரி வந்தார்.

"பக்கத்து வீட்டுக்கு?" என்று கேட்டேன்.

"ஒரு சம்பவத்துக்கு ஒண்ணுதாம்மா. முன்னால போனவர் உங்க வீட்டுக்காரர்."

அவர்கள் வேலை பார்த்த தீயணைப்பு நிலையத்தில் தண்ணீர்க் குழாயை இருவராகத்தான் பிடிப்பார்கள். முன்னவர் கையில் நுனி, பின்னவர் தோளில் பாரம். அழைப்புக்கு அழைப்பு இடம் மாறிக்கொள்வார்கள். கிடங்குக்கு முந்தைய அழைப்பு ஒரு குப்பைத்தொட்டி. அந்த அழைப்பில் பக்கத்து வீட்டுக்காரர் முன்னால் போயிருந்தார். அந்தத் தொட்டி எரியாமல் இருந்திருந்தால், கிடங்கில் அவர்தான் முன்னால் நின்றிருப்பார். இதை அதிகாரியிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "விதி அப்படிம்மா" என்றார்.

கொழுந்தனுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். "அண்ணன் பேரைச் சொன்னா நாடே எழுந்து நிக்கும், அண்ணி."

"எல்லாரும் சமம்னு சொல்ற நாடுதானே தம்பி. செத்தப்புறம் ஒருத்தரை மட்டும் எதுக்கு மேல ஏத்தணும்?"

"அப்ப உயிரைக் கொடுத்தவங்களை மறந்துடலாங்கிறீங்களா?"

 

எங்கள் குவார்ட்டர்ஸில் இரண்டு வீட்டுக்கும் பொதுச் சுவர். கணவர்கள் போனதிலிருந்து பக்கத்து வீட்டு அக்கா மாலையில் சுவரைத் தட்டுவார். டீ போட்டாச்சு என்று அர்த்தம். நான் போவேன். பெரிதாக ஒன்றும் பேசிக்கொள்ள மாட்டோம். நாள் அப்படித்தான் நகர்ந்தது. அதிகாரி வந்து போனபின் சுவர் பேசவில்லை.

நானே போனேன். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தார். அவர் கணவரின் சட்டைகளும் அதில் இருந்தன.

"கோபமாக்கா?"

"உன் மேல என்னடி கோபம். எல்லாம் அந்தக் குப்பைத்தொட்டி மேலதான்." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "பொண்ணு கேக்குறா, அப்பா பயந்துதான் பின்னால நின்னாரான்னு. நான் என்ன சொல்ல?"

வீட்டுக்கு வந்து அதிகாரிக்குப் போன் செய்தேன். கொடுத்தால் இரண்டு பேருக்கும் கொடுங்கள் என்றேன்.

"அதுக்கு வழியில்லைம்மா. அப்ப வேண்டாம்னு எழுதிக்கவா?"

"எழுதிக்குங்க."

அதன்பிறகு கொழுந்தன் என் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. அவனைக் குறை சொல்லவும் எனக்குத் தெம்பில்லை.

போன் செய்த அன்று மாலை டீயை நான் போட்டுச் சுவரைத் தட்டினேன். சற்றுக் கழித்து வாசலில் அக்காவின் செருப்புச் சத்தம் கேட்டது.