கடைசி வளையம்

"பல்லால கடிக்காத, பிளேடு எடு," என்றார் நோய்ப்படுக்கையில் கிடந்த அப்பா, கண்ணைத் திறக்காமலே.

மகள் நூலை வாயிலிருந்து எடுத்துவிட்டு பிளேடைத் தேடினாள். தையல்காரி. ஊரில் பாதிப் பேர் அவள் தைத்ததைப் போட்டுக்கொண்டுதான் நடமாடுகிறார்கள். அப்பா மட்டும் ஒரு நாளும் நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. கடைகளின் எடைக்கற்களைச் சோதிக்கும் உத்தியோகம் பார்த்தவர். ஓய்வு பெற்றும் தராசைக் கீழே வைக்கவில்லை. ஐம்பத்திரண்டு வயதில் அந்த ஒரு வார்த்தைக்குக் காத்துக்கிடப்பது வெட்கக்கேடுதான். என்ன செய்வது, காத்துத்தான் கிடந்தாள்.

மூங்கிலை ஆறு கீற்றாகப் பிளந்து, மயிரிழைக் கணக்காகச் சீவி, ஒட்டி அவரே செய்த தூண்டில் கழி அவள் மடியில் கிடந்தது. கூட மீன் பிடிக்கும் மெக்கானிக்குக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார். சரடு ஓடும் வளையங்களைக் கழியின் ஆறு பட்டையில் ஒரே பட்டையில் வரிசையாகப் பட்டுநூலால் கட்டுவதுதான் பாக்கி. கை நடுங்கியதால் மகளிடம் விட்டிருந்தார்.

"கடையில ரெடிமேடா கிடைக்குதே, எதுக்குப்பா இந்தப் பாடு?"

"அது வெடுக்குனு இழுக்கும். மூங்கில் நிதானமா வளையும், நம்மளையும் நிதானமாக்கும். மீன் தலைய ஆட்டுறது உள்ளங்கைக்கே வந்து சேரும்மா."

இறகு சுற்றிய பொய்ப்பூச்சியைத் தண்ணீரில் இறக்கி ஏமாற்றிப் பிடித்த மீனையெல்லாம் அங்கேயே விட்டுவிட்டு வருவார். "பேருதான் மீன் பிடிக்கிறவர் வீடு, மீனுக்குக் கடைக்குத்தான் போகணும்," என்று அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

பத்து மணிக்கு மேல் அவருக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. இன்னும் ஒரு வளையம். அவர் பார்க்காமல் போய்விடுவாரோ என்ற பதற்றத்தில், நிறைந்த கண்ணோடு கட்டி முடித்துக் கழியை அவர் கையில் வைத்தாள்.

அவருடைய கட்டைவிரல் அடியிலிருந்து நுனிவரை ஊர்ந்தது. கடைசி வளையத்தில் நின்றது. கொஞ்சம் பின்னால் வந்து மறுபடியும் போனது.

"நல்லா கட்டியிருக்க," என்றார்.

மதியத்துக்குள் போய்விட்டார்.

அடக்கம் முடிந்த மறுநாள் மெக்கானிக் வந்தார். கழியை வாங்கி, ஒரு கண்ணை மூடி நீளவாக்கில் பார்த்தார்.

"கடைசி வளையம் ஒரு பட்டை தள்ளி உக்காந்திருக்கேம்மா."

அவள் வாங்கிப் பார்த்தாள். மற்ற வளையங்கள் இருந்த பட்டையை விட்டு அடுத்த பட்டையில் கட்டியிருந்தாள்.

"அவசரத்துல கட்டிட்டேன் மாமா. பிரிச்சுக் கட்டித் தர்றேன்."

பிளேடை எடுத்தாள்.

"அவரு பாத்தாரா?"

"தடவிப் பாத்தாரு. நல்லா கட்டியிருக்கன்னாரு."

மெக்கானிக் கை நீட்டி அந்த வளையத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு, "அந்த விரலுக்கா தெரியாமப் போயிருக்கும்?" என்றார்.

தெரியாமல் போகாது. ஒரு குண்டுமணி குறைந்தாலும் கண்டுபிடித்த விரல் அது. தெரிந்துதான் சொல்லியிருக்கிறார், மகராசன். அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை. நெஞ்சு நிறைந்திருந்தது. பிளேடைக் கீழே வைத்தாள்.

"அப்படியே எடுத்துட்டுப் போகவா?"

"எடுத்துட்டுப் போங்க மாமா."

அவர் தெருவில் இறங்கி, சரடைக் கோர்த்து, சற்றுத் தொலைவில் கிடந்த ஒரு சருகைக் குறிபார்த்து வீசினார். சரடு ஒரு சாண் இடப்பக்கம் விழுந்தது.

ஓர் அடி வலப்பக்கம் நகர்ந்து நின்று, மறுபடியும் வீசினார்.