திங்கட்கிழமைத் தண்ணீர்

1973-இல் நீரஜா அடையாற்றில் இறங்கிச் சேறு அள்ளத் தொடங்கியபோது, மயிலாப்பூரில் அவள் அம்மா போட்ட ஒரே நிபந்தனை, அந்தச் சேற்று டப்பாக்கள் சமையலறைப் பக்கம் வரக்கூடாது என்பதுதான். நீரஜா விலங்கியல் ஆராய்ச்சி மாணவி. ஆற்றடிச் சேற்றில் வாழும் பூச்சி புழுக்களை எண்ணி, தண்ணீர் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

சைதாப்பேட்டைப் பாலத்தருகே துணிக்குக் கஞ்சி போடும் பட்டறை ஒன்று இருந்தது. அதன் கழிவுக் குழாய்க்கு மேற்கே அள்ளிய சேற்றில் தட்டான் குஞ்சு, நத்தை என்று விதவிதமாக உயிர்கள். கிழக்கே, ஆறு போகும் பக்கம், நூல் நூலாகச் சிவப்புப் புழு மட்டும்தான். மூச்சுமுட்டும் தண்ணீரிலும் பிழைத்துக்கொள்ளும் ஜாதி அது. ஆனால் திங்கட்கிழமை தோறும் காலையில் பிடித்த தண்ணீரில், இரண்டு பக்கமும் ஆக்சிஜன் ஒரே அளவு. மூன்று மாதமாக இதே கதை. டப்பாக்களில் சீட்டை மாற்றி ஒட்டியிருப்பாய் என்று சொல்லிவிட்டார் பேராசிரியர் பத்ரிநாராயணன்.

அடுத்த வாரம் அவள் முழங்காலளவுத் தண்ணீரில் கடுகடுவென்று நின்றிருந்தாள். பக்கத்தில் வேம்பு, ராயப்பேட்டை கலர்மீன் கடைக்கு அந்தச் சிவப்புப் புழுவையே மீன் தீனியாக அள்ளிக் கொடுப்பவள், என்ன விஷயம் என்று கேட்டாள். நீரஜா எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள்.

"வெள்ளிக்கெயம சாய்ங்காலந்தான் அந்தக் கொயாவத் தொறப்பாங்கோ," என்றாள் வேம்பு. "திங்கக்கெயம தண்ணி நல்லாத்தான் கீது. பூச்சி இன்னா, நடுவுல லீவு போட்டுட்டா போவும்?"

வெள்ளிக்கிழமை நீரஜா பேராசிரியரையே அழைத்து வந்தாள். ஐந்து மணிக்குக் குழாய் திறந்தது. வாரம் முழுக்கத் தேங்கிப் புளித்த கஞ்சித் தண்ணீர் குபுகுபுவென்று வந்தது. எட்டிப் பார்க்கக் கால் வைத்த பேராசிரியர் சேற்றில் புதைந்தார். வேம்பு தோளைப் பிடித்து இழுத்ததில் ஆள் வந்தார், ஒரு ஷூ வரவில்லை.

நீரஜா இரண்டு பக்கத் தண்ணீரையும் பிடித்து, ஆக்சிஜன் இருந்தால் பழுப்பாகும் மருந்தை விட்டாள். மேற்குப் பாட்டிலில் பழுப்பாகத் திரண்டது. கிழக்குப் பாட்டில் வெளுப்பாகவே நின்றது. ஆக்சிஜன் துளிகூட இல்லை.

ஒற்றை ஷூவோடு நின்றபடி அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உன் சீட்டெல்லாம் சரிம்மா. கிழமைதான் தப்பு."

நீரஜாவுக்கு வந்த சந்தோஷத்தில் அங்கேயே ஆற்றில் உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது. அவர் போனபின், ஆய்வேட்டில் உன் பெயரையும் போடட்டுமா என்று வேம்புவிடம் கேட்டாள். குழாயை மூடிவிட்டால் உன் பிழைப்பு என்னாகும் என்றும் தயங்கியபடி கேட்டாள்.

வேம்பு கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"நல்லா எயுதிக்கோ. கூவம் கீதே, எனக்கு இன்னா கொறச்சல்?"